என் சீதனக் காணிக்குக் கணவரின் சம்மதம் ஏன்? தேசவழமையும் அந்நியர் ஆட்சியும்

உடுவிலில் தாயார் சீதனமாக எழுதித் தந்த நான்கு பரப்புக் காணியை விற்கப் போன இடத்தில், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உறுதி (விற்பனைப் பத்திரம்) முடிக்க இயலாது என்று, அதை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு கூறியதாக எழுதியிருக்கிறீர்கள். "தேசவழமை பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த சட்டம் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன், அப்படியானால் இந்தக் கையொப்பம் எங்கிருந்து வந்தது, அந்தக் காலத்தில் யாரும் இதை எதிர்க்கவில்லையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேசவழமை என்பது வடமாகாணத் தமிழரின் வழமைச் சட்டம். இந்த விதி நம் முன்னோருடையதா, நம்மை ஆண்ட அந்நியருடையதா என்பதே உங்கள் கேள்வியின் உள்ளீடு என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் தொழில் செய்தவன். வரலாற்றுத் துறையில் பயின்றவன் அல்லன். ஆகவே சட்ட ஏட்டில் இருப்பதை உறுதியாகவும், அதற்கு முந்திய காலத்தைப் பற்றியதைத் தயக்கத்தோடும் சொல்வேன்.

முதலில் உறுதியானது. உங்கள் நொத்தாரிசு சொன்ன விதி, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது. மணமான பெண்ணின் ஆதனம் (சொத்து) அவளுக்கே தனியாக உரியது. நகை, பணம் போன்ற அசையும் பொருளை அவள் விரும்பியபடி கையாளலாம். காணியைக்கூட மரணசாசனத்தின் மூலம் யாருக்கும் எழுதிவைக்கலாம். ஆனால் உயிரோடிருக்கும்போது காணியை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடை கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது அந்தப் பிரிவின் சாரம். இறந்த பின் யாருக்கு என்று தீர்மானிக்கும் அறிவு இருப்பவளுக்கு, இருக்கும்போது விற்கும் அறிவு இல்லை என்று ஒரு சட்டம் எப்படிக் கருத முடிந்தது என்று இளம் சட்டத்தரணிகள் கேட்பதுண்டு. விடை தேசவழமைக்குள் இல்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது தெரியும். கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோரை ஒதுக்கிவிட்டு, ஏனையோருக்காகப் பிரித்தானியர் செய்த சட்டம் அது. மனைவியின் காணி அவளுடைய தனி ஆதனம், ஆனால் விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், மரணசாசனத்துக்கு மட்டும் வேண்டாம் என்ற வாசகம் ஏறக்குறைய அப்படியே அங்கே இருக்கிறது. கொழும்புக்கும் காலிக்கும் எழுதிய வரியை முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, "யாழ்ப்பாண" என்ற பெயரை முன்னால் வைத்தார்கள்.

இதிலுள்ள காலக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்து ஆளும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் பின்னால்தான், அதே முடியாட்சியின் கீழிருந்த சட்டநிரூபண சபை நம் பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டை எழுதியது. அந்தச் சபையில் பெண் ஒருத்தியும் இல்லை. அதற்கு உறுப்பினரைத் தெரிவதிலும் பெண்களுக்குப் பங்கில்லை. பிறகு 1923இல், 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்தது. கணவனின் சம்மதம் என்ற நிபந்தனையை அது தென்னிலங்கைப் பெண்களுக்கு நீக்கியது. முன்போலவே கண்டியரையும் முஸ்லிம்களையும் தேசவழமைத் தமிழரையும் ஒதுக்கிவைத்தது. ஆக, தெற்கிலிருந்து வந்த விதி தெற்கில் ஒழிந்தது, வடக்கில் நிலைத்தது. வெளியிலிருந்து வந்த ஒன்று, வந்த இடத்தில் மறைந்துபோன பிறகு, இங்கே "நமது வழமை" என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டது என்பதே உங்கள் கேள்விக்கு என் நேரான பதில்.

ஆனால் அந்தப் பெயரும் இலேசாகக் கிடைத்ததன்று. தேசவழமை என்று நாம் கையில் பிடித்திருக்கும் ஏடே ஒல்லாந்தரின் கட்டளையால் பிறந்தது. யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் 1619இல் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். நீதிமன்றத்தில் உட்காரும் ஒல்லாந்த அதிகாரிக்கு உள்ளூர் வழக்கம் புரியவில்லை, வழக்குகள் தேங்கின. ஆளுநர் சீமன்ஸின் உத்தரவின்படி, முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த திசாவை (மாவட்ட நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் வழக்கங்களைத் தொகுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து, உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்துச் சரிபார்த்து, 1707இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்தானியர் 1795இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அந்த ஏட்டுக்கு முழுச் சட்ட வலிமை கொடுத்தார்கள். முதலிமார் பன்னிருவரும் ஆண்கள். நிலமும் பதவியும் உடையவர்கள். அவர்களுக்குப் பதவி தந்தது ஒல்லாந்த ஆட்சி. பெண்ணின் சீதனத்தைப் பற்றி விரிவாகப் பேசும் ஓர் ஏட்டுக்காக எந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை. சாட்சிகளில் ஒரு பாதியை விட்டுவிட்டுப் பதிந்த வாக்குமூலமாகவே தேசவழமையை நான் படிக்கிறேன்.

இருந்தும் அந்த வாக்குமூலம் வெறுமையானதன்று. ஏடு ஆதனத்தை மூன்றாகப் பிரிக்கிறது: கணவன் வழிவந்த முதுசொம், மனைவி கொண்டுவந்த சீதனம், இருவரும் மணவாழ்வில் ஈட்டிய தேடிய தேட்டம். பழைய முறையில் முதுசொம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் போயின. தேட்டம் இருபாலாருக்கும் சமமாகப் பங்காயிற்று. போர்த்துக்கேயர் காலத்தில் இந்த ஒழுங்கு கலைந்து, தாய்வழி தந்தைவழி என்று பாராமல் இரண்டிலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று அந்த ஏடே சொல்கிறது. சீதனம் பெற்ற பெண் அதைப் பத்தாண்டுக்குள் தன் ஆட்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தந்தை இறந்தால், பிள்ளைகளை வளர்க்கும் தாயின் கையிலேயே சொத்து முழுவதும் இருக்கட்டும், ஆண்பிள்ளைகள் அவசரப்பட்டுப் பங்கு கேட்கலாகாது என்கிறது. அந்தத் தாய் மறுமணம் செய்ய விரும்பினால் என்ன செய்வது என்பதையும், அதிர்ச்சியோ கண்டிப்போ இல்லாமல், நாள்தோறும் நடக்கும் ஒரு காரியத்தைப் போலவே ஒழுங்குபடுத்துகிறது. கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்கலாமா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் நடந்த வாதங்களைப் படித்துவிட்டு இந்தப் பகுதிக்கு வருபவருக்கு வியப்பு உண்டாகும்.

நான் பார்த்த பழைய சீதன உறுதிகளிலும் இந்தச் சொந்தம் தெளிவாகத் தெரியும். காணிகளுக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி கட்டாயம் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆக்கிய பிறகு, கலியாணத்தோடு சேர்ந்தே சீதன உறுதியும் எழுதப்பட்டது. காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, அதிலுள்ள பனை, மா, கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்று எல்லாம் வரிசையாக வரும். பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கிக்கொள்வதும் உண்டு. ஆதனம் மகளின் பெயரில் இருக்கும். அயலட்டைக் காணிகளின் எல்லைகளைப் படித்தாலே, "கிழக்கு இன்னாரின் பெண்சாதி ஆதனம்" என்று ஒழுங்கை முழுவதும் பெண்களின் காணியாக இருப்பது தெரியும். இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பெண்கள் உண்மையிலேயே நிலம் உடையவர்களாக இருந்தார்கள். உடையவளுக்கு விற்கும் அதிகாரம் முழுமையாக இல்லை என்பதுதான் சிக்கல். மறுபக்கம், தேடிய தேட்டத்தை, அதில் மனைவிக்குப் பாதி உரித்திருந்தும், அவளைக் கேளாமலே கணவன் விற்கவும் ஈடு வைக்கவும் இயலும் என்று நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. தன் காணிக்கு அவள் அவன் சம்மதம் கேட்க வேண்டும். பொதுத் தேட்டத்துக்கு அவன் அவள் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கையுள்ள நொத்தாரிசுமார் மனைவியின் கையொப்பத்தையும் கேட்டு வாங்குவார்கள், ஆனால் அது தொழில் வழக்கம்.

இனி ஐயத்துக்குரியது. கணவனின் இந்த மேலாண்மை, போர்த்துக்கேயர் வருமுன்பே யாழ்ப்பாணத்தில் இருந்ததா? சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் முறையை வைத்து, மலையாளக் கரையின் தாய்வழி வாரிசு முறையான மருமக்கட்தாயத்தோடு தேசவழமைக்கு உறவுண்டு, ஒருகாலத்தில் இங்கே தாய்வழி உரிமை மேலோங்கியிருந்தது என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. ஒல்லாந்த, ஆங்கில ஆவணங்களில் நம்மவரை "மலபார் குடிகள்" என்று எழுதியிருப்பதை அதற்கு ஆதரவாகக் காட்டுவார்கள். அந்தப் பெயரை ஆதாரமாக எடுப்பது பலவீனமானது என்பது என் கருத்து, ஏனெனில் அந்நியர் அக்காலத்தில் தமிழரையெல்லாம் அப்படித்தான் அழைத்தார்கள். சொத்து இறங்கும் முறையைப் பற்றிய வாதம் அதைவிட வலியது. ஆனாலும் நிறுவப்பட்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இன்னொன்று. தேசவழமை மௌனமாக இருந்த இடங்களில் ஒல்லாந்த, பிரித்தானிய நீதிபதிகள் உரோம டச்சுச் சட்டத்தைக் கொண்டு நிரப்பினார்கள். அந்தச் சட்டத்தில் கணவனுக்கு மனைவியின் ஆள் மீதும் ஆதனம் மீதும் அதிகாரம் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவள் பராயமடையாத பிள்ளைக்கு ஒப்பானவள். நம் ஆண்களின் வீட்டு அதிகாரமும் அவர்களின் சட்டக் கோட்பாடும் ஒன்றுக்கொன்று இதமாகப் பொருந்திப்போயின என்பதே நடந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அந்நியர் வருமுன் நம் பெண்கள் தளையற்று வாழ்ந்தார்கள் என்ற பெருமிதத்துக்கு இதில் இடமில்லை. நம்மவரின் சம்மதம் இல்லாமல் அந்தத் தளை இவ்வளவு காலம் நின்றிருக்காது.

தேசவழமையில் பெண் என்றால் எந்தப் பெண் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. அதே ஏட்டில் அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்று நீளமாக இருக்கிறது. ஒருவரின் அடிமை ஆணும் இன்னொருவரின் அடிமைப் பெண்ணும் சேர்ந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கு உரியவர்கள். நிலமுள்ள வீட்டில் தாய்வழியாக இறங்கியது சீதனம். அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் தாய்வழியாக இறங்கியது அடிமைத்தனம். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். தேசவழமையின் பெண்ணுரிமையைப் புகழும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிப்போவது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருந்திருக்கிறது. கிழக்கின் கதை வேறுவகை. மட்டக்களப்பில் முக்குவச் சட்டம் என்ற தாய்வழி வாரிசு முறை இருந்தது. அதற்கு ஒல்லாந்தர் தொகுத்து ஆணையிட்ட ஏடு இல்லை. 1876ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அது சட்டமாக நில்லாமல் போயிற்று. எந்த வழமை வாழும், எந்த வழமை சாகும் என்பது ஆட்சியாளரின் காகிதத்தைப் பொறுத்திருந்தது.

யாரும் எதிர்க்கவில்லையா என்று கேட்டீர்கள். பெண்கள் பொதுவெளியில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பேச்சின் திசை வாக்குரிமை, கல்வி, சீதனக் கொடுமை ஆகியவற்றை நோக்கியிருந்தது. மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் யாழ்ப்பாணத்தில் "தமிழ்மகள்" என்ற பெண்கள் இதழைத் தொடங்கினார். கொழும்பில் 1927 இறுதியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகி, அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றியது. பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, வசதியுள்ள வீட்டுப் பெண்கள். தோட்டத்தில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுவினர் கேட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா விடையளித்தார். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். அன்றைய ஆண் தலைவர்களில் பலருக்கு அந்தத் தெளிவு இல்லை. 1913இல் பெண்களுக்கென்று மருதனார்மடத்தில் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், அதே ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியிராது. வீட்டையும் சமயத்தையும் காக்கும் படித்த மனையாள் அவர் சிந்தனையில் இருந்தாள். அரசியற் பிரசையாக நிற்கும் பெண் இல்லை. ஆட்சியாளரும் அதற்கு வெகு தொலைவில் இல்லை: டொனமூர் அறிக்கை பெண்களின் வாக்களிக்கும் வயது முப்பது என்று முதலில் விதந்துரைத்தது, பின்னரே அது இருபத்தொன்றாகக் குறைந்தது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. யாழ்ப்பாணப் பெண் அவ்வாண்டு வாக்களிக்கவில்லை. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை ஆசனங்கள் வெறுமையாகவே இருந்தன. அதே 1931இல் வாலிபர் காங்கிரஸின் மேடையில் வந்து பேசியவர்களில் இந்திய விடுதலைப் போராட்டப் பெண் தலைவர் கமலாதேவி சட்டோபாத்யாய ஒருவர். சாதி ஒழிப்பிலும் சமபந்தியிலும் அந்த இளைஞர்கள் காட்டிய துணிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனினும், பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்த வாக்கைத் தேசத்தின் பெயரால் மூன்று ஆண்டுகள் ஒத்திவைத்தபோது, அவளுடைய சம்மதத்தை அவர்கள் தனியாகக் கேட்டார்களா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. இதற்கிடையில் 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவாகிவிட்டார். இன்னும் ஒன்று: 1947இல் அரசாங்க சபை தேசவழமையின் மீது இரண்டு சட்டங்கள் செய்தது. ஒன்று தேடிய தேட்டத்தின் வரைவிலக்கணத்தை மாற்றியது, மற்றது, காணி விற்கப்படும்போது அதை முதலில் வாங்கப் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் உள்ள முன்வாங்கும் உரிமையை ஒழுங்குபடுத்தியது. பெண்கள் வாக்காளராகிப் பதினாறு ஆண்டுகள் ஆன பின்னரும், அந்த இரண்டு சட்டங்களும் 6ஆம் பிரிவைத் தொடவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னும் அது ஏன் நீடிக்கிறது என்பதற்குச் சட்டக் காரணம் ஒன்றுண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் கூடாது என்கிறது. ஆனால் 16ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருக்கும் எழுதிய, எழுதாச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று காப்பிட்டுவிட்டது. ஆகவே நீதிமன்றத்தில் இந்தப் பிரிவை அடித்து வீழ்த்த வழியில்லை. பாராளுமன்றமே திருத்த வேண்டும். போருக்குப் பின் இதன் கடுமை கூடியது. கணவன் காணாமற்போன பெண், மரணச் சான்றிதழ் எடுத்தால் அவன் இறந்ததை ஒப்புக்கொண்டதாகும் என்று எடுக்க மறுக்கிறாள். எடுக்காவிட்டால் அவள் சட்டப்படி மணமானவள், அவன் சம்மதம் இல்லாமல் மகளுக்குச் சீதனம் எழுத முடியாது. இப்படி வந்தமர்ந்த தாய்மாருக்கு விதியை விளக்கிச் சொல்வது என் தொழிலிலேயே எனக்கு மிகவும் கடினமான வேலையாக இருந்தது.

அவர்களுக்கும் உங்களுக்கும் சட்டம் விட்டுவைத்திருக்கும் வழி 8ஆம் பிரிவு. கணவன் கைவிட்டுப் பிரிந்திருந்தாலோ, சித்தசுவாதீனம் இழந்திருந்தாலோ, நீண்டகாலச் சிறையில் இருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுக்கொடுத்து அதன் அனுமதியைச் சம்மதத்துக்கு ஈடாகப் பெறலாம். உங்கள் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், விற்பதில் அவருக்கு மறுப்பில்லை என்றால் மனுவே வேண்டியதில்லை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய சம்மதப் பத்திரமோ அற்றோணித் தத்துவமோ (தமக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரம்) அனுப்பினால் நொத்தாரிசு உறுதியை முடிப்பார்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் கணவர் எந்த ஊரவர் என்று நீங்கள் எழுதவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண், அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை அவளும் அதற்கு உட்பட்டவள் அல்லள். அவர் மட்டக்களப்பையோ மலையகத்தையோ இந்தியாவையோ சேர்ந்தவராக இருந்தால், நீங்கள் பெரும்பாலும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவீர்கள். கையொப்பம் எதுவும் தேவைப்படாது. வடமாகாணத்தவராக இருந்தால் 6ஆம் பிரிவு உங்களைக் கட்டும். திருமணப் பதிவையும் சீதன உறுதியையும் நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது முறையாகாது. அவற்றை எடுத்துக்கொண்டு, கணவரின் பிறப்பிடமும் நிரந்தர வதிவிடமும் எது என்ற கேள்வியோடு மீண்டும் அந்த நொத்தாரிசிடமே போங்கள்.